ஓட்டோ கியர் ஒயில்: வீட்டு முற்றத்திலா, சேர்விஸ் மெஷினிலா?

வண்டி ஓடிச் சூடாக வந்து நிற்கும்போது கியர் டிப்ஸ்டிக்கை, அதாவது ஒயில் அளவு பார்க்கிற கம்பியை இழுத்து, நுனியில் தொங்கும் ஒரு துளியை வெள்ளைக் கடதாசியில் விடுங்கள். தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை அப்படியே கிடக்கட்டும். ஒயில் நன்றாக இருந்தால் துளி அகலமாகப் பரவி, நடுவும் ஓரமும் ஒரே இளஞ்சிவப்பாக நிற்கும். வயது போன ஒயில் மண்ணிறமாகப் பரவும். பயப்பட ஒன்றுமில்லை, மாற்றுகிற காலம் வந்துவிட்டது, அவ்வளவுதான். நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு பரவாமல் நின்று, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் கருகிய மணம் அடித்தால், கிளச் தட்டுகளின் மேற்பூச்சு உதிர்ந்து ஒயிலோடு வருகிறது. பாலில் கலந்த ஸ்ட்ரோபெரிபோலக் கலங்கிய ரோசா நிறம் தெரிந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ரேடியேற்றருக்குள் இருக்கும் கியர் கூலர் ஓட்டையாகியிருக்கலாம், அல்லது மார்கழி மழையில் வெள்ளத்துக்குள் ஓட்டியதில் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம்.

எங்கே, எப்படி மாற்றுவது என்ற கேள்விக்குப் பாதி விடை இந்தத் துளியிலேயே இருக்கிறது. முதல் இரண்டு நிறங்களும் வீட்டில் செய்யக்கூடிய வேலை. மூன்றாவது வந்தால் யார் மாற்றினாலும் கியர் சுகப்படாது. ஒயிலுக்குச் செலவழிக்கிற காசைக் கியர் வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுவதற்கு வையுங்கள். நான்காவது என்றால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். தண்ணீர் வந்த வழியை அடைக்காமல் புது ஒயில் விட்டால் அதுவும் ஒரு கிழமைக்குள் ரோசா நிறமாகிவிடும். அதோடு, கிளச் தட்டின் பசை தண்ணீரில் ஊறினால் கழன்று வந்துவிடும்.

மற்றப் பாதி விடை, உங்கள் வண்டியில் எந்த வகைக் கியர் பெட்டி இருக்கிறது என்பதில்.

கொரோலா 121, அலியன், பிரிமியோ 240 போன்றவற்றில் இருப்பது பழைய நான்கு கியர் ஓட்டோ. டிப்ஸ்டிக் உண்டு, அடியில் ஒயில் வடிக்கிற ட்ரெயின் நட் உண்டு, மன்னிக்கிற குணமும் உண்டு. முதன்முதலாகக் கை வைக்கிறவருக்கு ஏற்றது. அக்ஸியோ 141, பிரிமியோ 260, ஜப்பான் வேகன் ஆர் போன்றவற்றில் பெரும்பாலும் சி.வி.டி. அதற்குள் கியர்ச் சில்லுகளுக்குப் பதிலாக இரண்டு கப்பிகளுக்கு இடையில் உருக்குப் பட்டி ஓடுகிறது. அந்தப் பட்டி வழுக்காமல் பிடிப்பது ஒயிலின் தன்மையால்தான். சாதாரண ஓட்டோ ஒயிலை இதற்குள் விட்டால் பட்டி வழுக்கிக் கப்பியைக் கீறும், அதற்குப் பிறகு கியரையே மாற்ற வேண்டியதுதான். அக்வாவும் பிரியஸும் ஹைபிரிட். அவற்றில் எஞ்சினின் சுழற்சியை ஒயில் வழியாகக் கியருக்குக் கடத்துகிற டோர்க் கொன்வேட்டரும் இல்லை, வழுக்கித் தேய்கிற கிளச் தட்டுக் கட்டும் இல்லை. வெசல் ஹைபிரிட், ஃபிட் ஜீ.பி.5 இரண்டும் இரட்டைக் கிளச் வகை. இந்தக் கடைசி வகையை முற்றத்தில் தொட வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். அதில் ஒயிலோடு வேலை முடிவதில்லை, கிளச்சை வண்டியின் கணினியைப் படிக்கிற ஸ்கானர் போட்டுப் பழக்க வேண்டிய சந்தர்ப்பங்களும் வரும்.

ஹைபிரிட் வண்டிக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. டோர்க் கொன்வேட்டர் இல்லாததால் பழைய ஒயில் ஒளிந்திருக்க இடமில்லை. ஒருமுறை வடித்தாலே ஏறக்குறைய முழுவதும் வந்துவிடும். மொடலைப் பொறுத்து மூன்றுக்கும் நான்கு லீற்றருக்கும் இடையில் டபிள்யூ.எஸ். என்ற டொயோட்டா ஒயில் போதும். மேலே உள்ள நிரப்பும் நட்டைக் கழற்றி, துவாரத்தின் கீழ் உதடுவரை ஒயில் வந்து வழியத் தொடங்கினால் அளவு சரி. வண்டி சமமாக நிற்க வேண்டும், ஒயில் ஆறியிருக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் நட்டின் இறுக்கம் 39 நியூட்டன் மீற்றர். இரண்டு விடயங்களில் மட்டும் கவனம். வண்டியை முழுதாக அணைத்து, சாவியை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். ஹைபிரிட் எஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகும். அடுத்தது, சில பிரியஸ்களில் கூலன்ட் வடிக்கிற நட்டும் அதே பெட்டியில் பக்கத்திலேயே இருக்கிறது. அவசரத்தில் அதைத் திருப்பினால் ஒயிலுக்குப் பதிலாகக் கூலன்ட் ஊற்றும், பிறகு காற்று எடுக்கிற வேலையும் சேர்ந்துவிடும். இந்த வண்டிகளுக்கு மெஷினுக்குக் காசு கொடுப்பதில் எந்தப் பிரயோசனமும் இல்லை.

ஒயிலின் பெயர்

எந்த வழியைத் தெரிவு செய்தாலும், வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் பிழையான ஒயில்தான். டொயோட்டாவின் டி-4 ஒயில் 100 பாகை செல்சியஸில் ஏறக்குறைய 7 சென்டிஸ்ரோக்ஸ் தடிப்பு. பின்னால் வந்த டபிள்யூ.எஸ். ஐந்தரை அளவில் நிற்கிறது. ஒன்றின் இடத்தில் மற்றதை விட்டால் ஒயிலைப் பிரித்து அனுப்பிக் கியரை மாற்றுகிற வால்வ் பொடிக்குள் அழுத்தம் மாறும், கியர் விழும் நேரம் மாறும். கொரோலா 121 கேட்பது டி-4. அக்வா கேட்பது டபிள்யூ.எஸ். டொயோட்டா சி.வி.டி.களில் முந்தியவற்றுக்கு டி.சி., பிந்தியவற்றுக்கு எஃப்.ஈ. சுசுகி சி.வி.டி.க்குக் கிரீன் 2. நிசானின் சி.வி.டி.க்கு மொடலைப் பொறுத்து என்.எஸ்.2 அல்லது என்.எஸ்.3. ஹொண்டாவின் சாதாரண ஓட்டோக்களில் பழையவை இசட்1 குடித்தன. இப்போது அதற்குப் பதிலாக டி.டபிள்யூ.1. டிப்ஸ்டிக்கின் தலையிலோ கைப்புத்தகத்திலோ இந்தப் பெயர் இருக்கும். கைப்புத்தகம் ஜப்பான் மொழியில் இருந்தாலும் ஒயிலின் பெயர் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் அச்சாகியிருக்கும், தேடினால் அகப்படும்.

“எல்லாத்துக்கும் போடலாம்” என்று கடையில் நீட்டுகிற பொது ஒயில் எல்லாமே கெட்டதல்ல. இங்கே திருகோணமலைச் சீனக்குடாவிலேயே மசகு எண்ணெய் கலக்கிற ஆலை ஓடுகிறது. ஒயில் எந்த ஊரில் செய்தது என்பது பிரச்சினையில்லை. போத்தலைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் கியர் கேட்கிற அதே பெயர் அங்கே அச்சாகியிருந்தால் சாதாரண நான்கு கியர் ஓட்டோவுக்கு வாங்கலாம். “டெக்ஸ்ரன் 3” என்று மட்டும் போட்டிருந்தால் அது டி-4 வண்டிக்குக்கூடச் சரிவராது. சி.வி.டி.க்கு மட்டும் இந்தச் சிக்கனம் வேண்டாம், கொம்பனி ஒயிலையே வாங்குங்கள். நிறத்தைப் பார்த்துப் பொருத்தவும் வேண்டாம். சிவப்பு வெறும் சாயம், ஒழுகினால் எஞ்சின் ஒயிலிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவதற்காகக் கலப்பது.

ஜப்பான் தகர டின் 4 லீற்றராக வருகிறது. இது கணக்குக்கு வசதி. ஒருமுறை வடித்தால் 3 லீற்றர் போகும், மிச்சம் 1 லீற்றர் அளவு பார்க்கும்போது சேர்க்கக் கையில் இருக்கும். மூடியின் உள்சீல் ஏற்கெனவே உடைந்திருக்கிற டின்னை வாங்காதீர்கள். பாதி டின் மிஞ்சினால் மூடியை இறுக்கி வீட்டுக்குள் வையுங்கள். கடற்காற்றின் ஈரத்தை இந்த ஒயில் மெல்ல மெல்ல உறிஞ்சும்.

எத்தனை லீற்றருக்கு எவ்வளவு புதுசு?

விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, லீற்றர் மாறாது. அதனால் வழிகளை லீற்றர் கணக்கில் எடைபோடுவதே நல்லது. ஒரு நான்கு கியர் வண்டியில் மொத்தம் 7 லீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ட்ரெயின் நட்டைக் கழற்றினால் வருவது 3 லீற்றர். மிச்சம் 4 லீற்றர் டோர்க் கொன்வேட்டரிலும் கூலரிலும் வால்வ் பொடியிலும் தங்கிவிடும்.

ஒருமுறை வடித்து நிரப்பினால் உள்ளே 43 வீதம் புதுசு. கொஞ்சம் ஓடிக் கலந்த பிறகு இரண்டாம் முறை செய்தால் 67 வீதம். மூன்றாம் முறைக்கு 81 வீதம். ஒன்பது லீற்றர் செலவு. கூலர் ஹோஸ் வழியாகப் பழையதை வெளியே தள்ளிப் புதுசை ஊற்றுகிற முறையில் எட்டு, ஒன்பது லீற்றருக்கு 90 வீதத்தைத் தாண்டலாம். சேர்விஸ் மெஷின் செய்வதும் இதே வேலைதான், நேரம் மட்டும் குறைவு.

கணக்கை மட்டும் பார்த்தால் மெஷின்தான் வெல்லும். ஆனால் கியர் பெட்டிக்கு நூறு வீதம் புது ஒயில் ஒரே நாளில் தேவைப்படுவதில்லை. உராய்வைச் சீராக்குகிற சேர்மானங்கள் குறைந்துபோகும்போது அவற்றைத் திரும்பக் கொடுப்பதுதான் நோக்கம். 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மூன்று லீற்றர் மாற்றிக்கொண்டே வந்தால் ஒயில் ஒருநாளும் கருகுகிற நிலைக்குப் போகாது. ஆடி மாதக் கச்சான் காற்றில் ஹபரணை வீதியால் தம்புள்ளைக்கும், அங்கிருந்து கண்டி ஏற்றத்துக்கும் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு ஓடுகிற வண்டி என்றால் 30,000 என்று வையுங்கள். ஏற்றத்தில் டோர்க் கொன்வேட்டர் பூட்டுப்படாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும், அந்தச் சூடு முழுவதும் ஒயிலுக்குத்தான் போகிறது.

ஆகவே டிப்ஸ்டிக் உள்ள சாதாரண ஓட்டோவுக்கு என் தெரிவு வீட்டில் வடித்து நிரப்புவது. கைவிட்டுப்போன ஒயில் என்றால் 1,000 கிலோமீற்றர் இடைவெளியில் இரண்டு முறை, விரும்பினால் மூன்று.

முற்றத்தில் வேலை

உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் முற்றம் என்றால் மணல். ஜக் ஸ்டாண்டின் கால் மணலில் மெல்லச் சாயும், சாய்வது கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் கீழே இரண்டு அங்குலத் தடிப்புள்ள அகலப் பலகை போடுங்கள். சீமெந்துக் கல்லின் மேல் வண்டியை ஏற்றாதீர்கள். உள்ளே வெறுமையான கல் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும், கீழே இருப்பது உங்கள் நெஞ்சு. பல கார்களில் முன்பக்கத்தை உயர்த்தாமலே கை எட்டும். எட்டினால் உயர்த்தவே வேண்டாம், வண்டி சமமாக நிற்பது வடிப்பதற்கும் நல்லது.

முதல் நாள் பின்னேரம் ட்ரெயின் நட்டைத் தேடிப் பிடித்து, துருநீக்கும் ஸ்பிரே அடித்து விடுங்கள். கடற்கரை வண்டிகளில் அந்த நட் மண்ணிறமாகப் பூத்திருக்கும். நான்கு கியர் டொயோட்டாக்களில் அது 10 மில்லிமீற்றர் அலன் கீ போகிற குழி. குழிக்குள் காய்ந்த சேற்றை ஓர் ஆணியால் கிண்டி எடுத்து, கீயைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி அடிவரை இறக்கிய பிறகே திருப்புங்கள். பாதி ஆழத்தில் திருப்பினால் குழி வட்டமாகிவிடும், பிறகு வெல்டிங்காரரைத் தேட வேண்டி வரும். ஹொண்டாவில் இன்னும் லேசு: 3/8 அங்குல ராட்செட்டின் சதுர முனையே நட்டின் சதுரக் குழிக்குள் நேராகப் போகும், இறுக்கம் 49 நியூட்டன் மீற்றர்.

இது எஞ்சின் ஒயில் நட்தானா, கியர் நட்டா என்று இரண்டு தரம் பாருங்கள். கியர் ஒயிலை வடித்துவிட்டு எஞ்சினுக்குள் நான்கு லீற்றர் கூட ஊற்றுவது அடிக்கடி நடக்கிற விபத்து. கியர் காய்ந்து எரியும், எஞ்சின் நுரைத்து ஒழுகும். முதல் துளி சிவப்பாகவோ செம்மண் நிறமாகவோ இல்லாமல் கன்னங்கரேலென்று வழுவழுப்பாக வந்தால் உடனே நட்டை மூடிவிட்டு யோசியுங்கள்.

டிப்ஸ்டிக் இல்லாத வண்டியில் வடிப்பதற்கு முன்பே நிரப்பும் நட்டைக் கழற்றிப் பாருங்கள். அது துருவில் பிடித்துக் கிடந்து, ஒயிலையும் வடித்துவிட்டால் வண்டியை ஓட்டிக்கொண்டு கராஜுக்குக்கூடப் போக முடியாது.

பத்து நிமிடம் ஓட்டிய இளஞ்சூட்டில் வடிப்பது நல்லது. 80 பாகைச் சூட்டில் திறந்தால் கை வெந்துபோகும். பேசினில் விழுந்ததை ஆறவிட்டு, அளவு கோடு போட்ட பழைய ஒயில் கானுக்குள் ஊற்றி அளவெடுங்கள். குடிதண்ணிப் போத்தலில் சூட்டோடு ஊற்றினால் போத்தல் சுருங்கி மடிந்து ஒயில் காலில் கொட்டும். ஆறவிடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஒயில் சூட்டில் விரியும். 70 பாகையில் 3 லீற்றராக இருந்தது 30 பாகைக்கு ஆறும்போது 90 மில்லிலீற்றர் அளவு சுருங்கிவிடும். புது ஒயில் ஆறியதாகத்தானே டின்னிலிருந்து வருகிறது, இரண்டையும் ஒரே சூட்டில் அளந்தால்தான் கணக்கு ஒத்துவரும்.

வடிந்த அளவு 2.8 லீற்றர் என்றால் உள்ளே போவதும் 2.8. ஆனால் வேலை தொடங்குமுன் டிப்ஸ்டிக் சரியான அளவைக் காட்டியதா என்று பார்த்து எழுதி வைத்திருக்க வேண்டும். ஏற்கெனவே அரை லீற்றர் குறைவாக ஓடிய வண்டிக்கு வந்ததையே திரும்ப ஊற்றினால் அந்தக் குறையும் திரும்ப வரும்.

நட்டுக்குப் புது வொஷர் போடுங்கள். டொயோட்டாவின் பல ஓட்டோ கியர்களுக்கு 35178-30010 என்ற இலக்கத்தைச் சொன்னால் உதிரிப்பாகக் கடையில் எடுத்துத் தருவார்கள். பழைய வொஷர் ஒருமுறை நசுங்கிவிட்டது. ஒழுகுகிறதே என்று அதன்மேல் மேலும் மேலும் இறுக்குவதால்தான் புரி கழல்கிறது.

நிரப்புவது டிப்ஸ்டிக் குழாய் வழியாக. குழாய் சிறுவிரல் மொத்தம்தான் இருக்கும். நீண்ட மெல்லிய ஹோஸ் மாட்டிய புனல் வேண்டும், பொறுமையும் வேண்டும். துடைக்கக் கொட்டன் வேஸ்ட் எடுக்காதீர்கள். அதிலிருந்து கழலும் ஒரு நூலிழை வால்வ் பொடியின் மெல்லிய ஓட்டையில் போய்க் குந்தினால் ஒரு கியர் விழாமலே போகலாம். நூல் விடாத பழைய பருத்திச் சட்டைத் துண்டு நல்லது.

ஊற்றி முடித்த பிறகே எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். பிரேக்கை மிதித்தபடி பார்க்கிங்கிலிருந்து ரிவேர்ஸ், நியூட்ரல், ட்ரைவ் என்று ஒவ்வொன்றிலும் சில விநாடி நிறுத்தித் திரும்பி வாருங்கள். பிறகு ஓட்டம். திருகோணமலை நகரத்திலிருந்து நிலாவெளிக்குப் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 30 கிலோமீற்றர், ஒயில் 70–80 பாகைக்கு வர அது போதும்.

அளவு பார்க்கும் விதத்தில் கொம்பனிக்குக் கொம்பனி வித்தியாசம் இருக்கிறது, பிழை நடப்பதும் இங்கேதான். டொயோட்டாவில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பார்க்கிங்கில், சூட்டுக் கோடுகளுக்கிடையில். மிட்சுபிஷியின் பல பழைய ஓட்டோக்களில் எஞ்சின் ஓட, நியூட்ரலில். ஹொண்டாவில் எஞ்சினை அணைத்து, ஒன்றரை நிமிடத்துக்குள். ஹொண்டாவை ஓடவிட்டுப் பார்த்தால் குறைவாகக் காட்டும், நம்பி மேலும் ஊற்றுவீர்கள். டிப்ஸ்டிக்கின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். குழாயின் சுவரில் ஒட்டியிருந்த புது ஒயில் ஒரு பக்கத்தில் மேலே கோடு இழுத்திருக்கும்; குறைவாகக் காட்டுகிற பக்கமே உண்மை.

கூடினால் சுழலும் பாகங்கள் ஒயிலை அடித்து நுரையாக்கும், நுரைக்கு அழுத்தம் இல்லை, மூச்சுக்குழாயால் வெளியே கக்கும். குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். ட்ரைவ் போட்டு இரண்டு விநாடி கழித்து வண்டி உதறிப் புறப்படும். அந்த இரண்டு விநாடியில் கிளச் தட்டு எரிகிறது. இரண்டிலும் மோசமானது குறைவுதான்.

டிப்ஸ்டிக் இல்லாத கியர்

இங்கேதான் திருகோணமலை வெயில் கணக்கைக் குழப்புகிறது. அடைத்த கியர்களில் அளவு பார்ப்பது வழியும் நட்டால்: எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஒயில் குறித்த சூட்டில் இருக்கும்போது நட்டைக் கழற்றினால் மெல்லிய நூல்போல வழிந்து, சொட்டாக மாற வேண்டும். பல டொயோட்டாக்களில் அந்தச் சூடு ஏறக்குறைய 35 முதல் 45 பாகைக்குள் அடங்கும். கன்னியா வெந்நீர்க் கிணற்றில் கைவிட்டால் தெரியுமே, அந்த அளவு. வைகாசி, ஆனி மாத மதியத்தில் முற்றத்தில் நின்ற வண்டியின் ஒயில் ஸ்டார்ட் செய்யுமுன்பே கிட்டத்தட்ட அந்தச் சூட்டில் இருக்கும். எஞ்சினைப் போட்டு நட்டைத் தேடுவதற்குள் எல்லை தாண்டிவிடும். விரிந்த ஒயில் கூடுதலாக வழிந்து போக, “அளவு சரி” என்று மூடிவிடுவீர்கள். உள்ளே இருப்பது குறைவு. இந்த வேலையைக் காலை ஆறு மணிக்கு, இரவெல்லாம் ஆறிய வண்டியில் செய்யுங்கள். வண்டி நான்கு சில்லிலும் சமமாக நிற்க வேண்டும்; முன்பக்கம் மட்டும் உயர்ந்திருந்தால் அளவு பிழை.

ஒயிலின் சூட்டைக் காட்டுகிற ஸ்கானர் கையில் இல்லாவிட்டால் சி.வி.டி.யை வீட்டில் செய்யாதீர்கள். பல டொயோட்டாக்களில் ஸ்கானர் சொக்கட்டின் 4ஆம், 13ஆம் முனைகளை இணைத்து, கியர் லீவரைக் குறித்த ஒழுங்கில் அசைத்து, டாஷ்போர்டில் எரியும் ட்ரைவ் விளக்கால் சூட்டை அறிகிற முறை உண்டு. ஆனால் அதே சொக்கட்டின் 16ஆம் முனையில் பற்றரி மின் நேராக நிற்கிறது. கம்பி மாறிப் பட்டால் ஃபியூஸ் போனதோடு தப்பினால் அதிர்ஷ்டம். ஸ்கானருக்குக் கொடுக்கிற காசு இதைவிட மலிவு.

பான் கழற்றுவது, ஹோஸ் கழற்றுவது

கியர் பெட்டியின் அடித்தட்டான பானைக் கழற்றி ஃபில்டரும் காந்தமும் பார்ப்பது நல்ல வேலை. முற்றத்துக்கு ஏற்ற வேலை அல்ல, முக்கியமாகக் கச்சான் வீசுகிற மாதங்களில். திறந்து கிடக்கிற வால்வ் பொடிக்குக் கீழே காற்றில் பறக்கிற மணல் ஒரு பருக்கை போதும். துருப்பிடித்த பான் போல்ட்டுகள் 10 நியூட்டன் மீற்றருக்குள் இறுக்குகிற மெல்லிய போல்ட்டுகள், திருப்பும்போதே அறுந்துவிடும். கூரையும் சீமெந்துத் தரையும் உள்ள கராஜில் செய்வியுங்கள், பக்கத்தில் நில்லுங்கள். பானின் அடியிலுள்ள காந்தத்தை நீங்களே கையில் எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மைபோல ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம், விரலில் தேய்த்தால் வழுவழுப்பாக இருக்கும். நகத்தில் குத்துகிற ஊசித் துண்டுகளோ, பித்தளைப் பொடியோ, கறுப்புச் செதில்களோ இருந்தால் படம் எடுத்து வையுங்கள், அடுத்த முடிவு அதை வைத்துத்தான். திரும்ப மூடும்போது சிலிக்கன் பசையை அள்ளிப் பூச விடாதீர்கள். உள்ளே பிதுங்கும் பசை வெட்டுப்பட்டு ஃபில்டர் வாயில் போய் அடைக்கும். ஹொண்டாவின் பல ஓட்டோக்களில் கழற்றுகிற பானே கிடையாது. அங்கே மூன்றுமுறை வடித்து நிரப்புவதுதான் கொம்பனியே எதிர்பார்க்கிற வழி.

கூலர் ஹோஸ் முறைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சாவியில், ஒருவர் போத்தலில். திரும்பி வருகிற ஹோஸைக் கழற்றிப் போத்தலுக்குள் விட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஒரு லீற்றர் வந்ததும் அணைத்து, ஒரு லீற்றர் புதுசு ஊற்றி, மறுபடி. ஒரு லீற்றருக்கு மேல் ஒரே மூச்சில் விட்டால் பம்ப் காயும். ஹோஸ் எது போகிறது, எது வருகிறது என்று தெரியாவிட்டாலோ, சாவியில் இருப்பவர் சொன்ன விநாடியில் அணைப்பார் என்ற நம்பிக்கை இல்லாவிட்டாலோ இதில் இறங்காதீர்கள். பத்து வருட ஹோஸ் கடற்காற்றில் வெடித்துக் கிடக்கும். கழற்றுமுன் புது ஹோஸ் துண்டும் கிளிப்பும் வாங்கி வைப்பது புத்தி.

மெஷினுக்குக் கொடுப்பதென்றால்

கொடுக்கலாம், கேட்க வேண்டியதைக் கேட்ட பிறகு. என்ன ஒயில், சீல் உடையாத டின்னிலிருந்தா, பெரிய பீப்பாவிலிருந்தா? எத்தனை லீற்றர் போகும்? முந்திய வண்டியின் ஒயில் மெஷின் குழாயில் மிஞ்சுமா, அது வேறு வகை ஒயிலா? கழுவுகிற இரசாயனம் ஊற்றுவார்களா? ஊற்றுவதென்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மூலைகளில் அமைதியாகப் படிந்திருந்த அழுக்கை அது ஒரே நேரத்தில் கிளப்பி வால்வ் பொடிக்கு அனுப்பும். அளவை எந்தச் சூட்டில் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு ஒரு எண் பதிலாக வர வேண்டும். “பார்த்துப் போடுவம்” என்ற பதில் வந்தால் ஒயிலை நீங்களே வாங்கிக்கொண்டு வேறு இடம் பாருங்கள்.

ஒன்றரை லட்சம் ஓடியும் மாற்றாத வண்டி

ஏலத்தில் வந்த ஜப்பான் வண்டியின் ஒயில் வரலாறு பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. “இவ்வளவு ஓடியாச்சு, இனி மாத்தினா கியர் போயிடும்” என்ற பேச்சு ஊரில் பலமாக உண்டு. அதற்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது, அது வேறு உண்மை. கியர் வழுக்கத் தொடங்கிய பிறகே பலர் ஒயில் மாற்ற நினைக்கிறார்கள். தட்டு ஏற்கெனவே முடிந்துவிட்டது. மாற்றிய அடுத்த மாதம் கியர் நின்றால் பழி ஒயிலின் தலையில். வழுக்கல் இல்லாமல், உதறல் இல்லாமல் கியர் விழுகிற வண்டியென்றால் எத்தனை லட்சம் ஓடியிருந்தாலும் மாற்றலாம். மெஷினுக்கு மட்டும் விட வேண்டாம். ஒருமுறை 3 லீற்றர் வடித்து நிரப்பி, 1,500 கிலோமீற்றர் ஓடி, கடதாசியில் துளியை மறுபடி பாருங்கள். கறுப்புப் பொட்டு இல்லாவிட்டால் இரண்டாம் முறை. பொட்டு தோன்றினால் அங்கேயே நிறுத்திப் பானைத் திறக்கச் சொல்லுங்கள்.

மாற்றிய அன்றிரவு பானுக்கும் நட்டுக்கும் நேர் கீழே ஒரு மட்டைப் பெட்டித் துண்டை விரித்துவிட்டுப் படுங்கள். விடிய ஒரு சொட்டு தெரிந்தால் துடைத்து, நட்டைச் சிறிது இறுக்கி, அடுத்த இரவும் பாருங்கள். மூன்றாம் நாளும் சொட்டினால் வொஷர் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. கழற்றிப் புதுசு போடுங்கள்.

வடித்த ஒயிலைக் கறையானுக்கென்று வேலிக் கட்டையின் அடியில் ஊற்றுகிற பழக்கத்தை விடுங்கள். நமது கரையோர மணலில் கிணற்றுத் தண்ணீர் சில அடி ஆழத்தில் நிற்கிறது. மணல் எதையும் பிடித்து வைக்காது, மேலே ஊற்றியது வாளியில் ஏறி வரும். பழைய டின்னிலேயே திரும்ப ஊற்றி மூடி, கழிவு ஒயில் தாங்கி உள்ள சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள். அதற்கு முன் வடிந்த அளவு, ஊற்றிய அளவு, மீற்றர் இலக்கம், ஒயிலின் பெயர் நான்கையும் ஒரு துண்டில் எழுதி டாஷ்போர்ட் பெட்டிக்குள் வையுங்கள்.